சந்தனம் பூசிய மைக்

சந்தனத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீட்டு வாசலில் கிண்ணத்தை நீட்டினாலும் சரி, கோயிலில் கையில் வைத்தாலும் சரி, முதலில் நினைவுக்கு வருவது என் மைக்தான்.

திருப்பதிக்குப் பக்கத்தில் வடமாலபேட்டையில், சென்னை ரோட்டை ஒட்டி வாடகை வீடு. நானும் நைனாவும் மட்டும்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை; கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். மிச்ச நேரமெல்லாம் எலெக்ட்ரிக் கிடார். அதன் சத்தத்தைப் பெருக்க என்னிடம் இருப்பது ஐந்து வாட் ஆம்ப். அரிசி டின் உயரம்கூட இருக்காது, ஆனால் பாதிக்கு மேல் திருகினால் பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்று, "ஏம் கோல பாபு இதி!" என்பார், என்ன கூச்சல் இது என்று. அதனால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சுற்றிலும் மெத்தையும் கம்பளியும் அடைத்து, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துத்தான் பதிவு செய்வேன்.

மைக் ஒரு விரல் நகர்ந்தால் சத்தமே வேறு. நட்டநடுவில் வைத்தால் காதைக் கிழிக்கும், ஓரத்துக்குப் போனால் மந்தம். லாரி ஹாரன், மலைக்கு நடந்து போகிறவர்களின் கோவிந்தா, நைனாவின் டிவி, இவ்வளவுக்கும் நடுவில் சரியான இடம் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. கிடைத்ததும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன்.

நைனாவுக்கு இதெல்லாம் விளையாட்டு. நாராயணவனம் பக்கத்து மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தே காலத்தை ஓட்டியவர். "வெளாடினது போதும், சோறு துன்ன வாடா" என்று முப்பத்தொரு வயது ஆளைக் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனை நாள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எனக்கு முப்பத்தொன்று ஆன அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு இசையமைப்பாளர் கூப்பிட்டார். ஒரு பாட்டுக்கு இரண்டு இடத்தில் கிடார் வேண்டும், கம்ப்யூட்டரில் செய்த சத்தம் வேண்டாம், நிஜ ஆம்ப் வேண்டும் என்றார். பிடித்தால் அடுத்த பாட்டும் எனக்கே. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் என் சத்தத்தைக் கேட்டு வாங்கினார். முதல் பகுதியை முடித்து அனுப்பிவிட்டேன். இரண்டாவது பகுதி, ஆயுத பூஜை அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் வேண்டும். அந்த வாரம் நைனா வழக்கம்போல் ஆரம்பித்தபோது கத்தினேன்: "இது வெளாட்டு இல்ல நைனா, வேலை! புரியுதா, வேலை!"

பூஜை அன்று கம்பெனியில் அரை நாள். என் இயந்திரத்துக்கு நானேதான் பொட்டு வைத்தேன். பொரி பாக்கெட்டோடு இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், தரை பளபளவென்று இருந்தது. நைனா கழுவித் தள்ளியிருந்தார். சாக்பீஸ் கோடு போன இடம் தெரியவில்லை.

முன்னறையில் ஒரு பலகை. அதன்மேல் அவருடைய அருவாள், மம்முட்டி, என் பைக் சாவி. அடுத்து என் கிடார், ஆம்ப், மைக். கிடாரின் கம்பிகளுக்கு அடியில் குங்குமம். ஆம்பின் முகப்புத் துணியில் பட்டையாக நாமம். மைக்கின் வலைத் தலையில், சாமிக்குக் காப்பு சாத்துகிற மாதிரி, கெட்டிச் சந்தனத்தை ஈரத்தோடு அப்பியிருந்தார்.

"இன்னா நைனா பண்ணி வச்சிருக்கிற?"

"தொடாதடா. பூஜைக்கு வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"ஆறு மணிக்கு அனுப்பணும்!"

"ஒரு நாளு தொழிலுக்கு லீவு வுடுடா. எல்லாரும்தான் வுடறாங்க."

கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. பலகையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "இது ஒன்னோட அருவா இல்ல! இது ஆயுதமே இல்ல! ஒண்ணும் தெரியாத ஆளு எதுக்கு இதையெல்லாம் தொடுற?" கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வலையைக் கழற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். உள்ளே இருந்த பஞ்சு மஞ்சளாக ஊறிக் கிடந்தது. மாட்டிப் பார்த்தேன், ஈரக் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் ஒரு சத்தம். கோடு இல்லாமல் முழங்காலில் தவழ்ந்து இடம் தேடினேன். ஏதோ ஒன்றை அனுப்பும்போது மணி ஏழரை. "பரவால்ல பிரதர், வேற ஒருத்தர் வாசிச்சிட்டாரு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த இசையமைப்பாளர் என்னைக் கூப்பிடவே இல்லை.

என் பிழைப்பில் மண்ணைப் போட்டது என் அப்பன்தான் என்று வருஷம் முழுக்கப் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். கம்பெனி பஸ்ஸில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். அவர் காதில் விழும்படியும் சொன்னேன். வேறு மைக் வாங்கினேன், மறுபடி மூன்று வாரம் தேடினேன், மறுபடி கோடு போட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் பொரி பாக்கெட்டோடு வந்தேன். சண்டைக்குத் தயாராகவே வந்தேன். தரை பளபளவென்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் என் சாக்பீஸ் கோட்டைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் தூசியோடு அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டுத் துடைத்திருந்தார்.

பலகையில் அருவாள், மம்முட்டி, பைக் சாவி. மூன்றுக்கும் பொட்டு. கிடாரும் ஆம்பும் மைக்கும் மூலையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒரு துளிக் குங்குமம் இல்லை.

"என்னுது?" என்று கேட்டுவிட்டேன்.

"நீதானேடா சொன்ன, அது ஆயுதம் இல்லன்னு." சாதாரணமாகத்தான் சொன்னார். "உக்காரு, சுண்டல் துன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். வேலை என்று நான் கத்தியதை அந்த மனிதர் அப்படியே நம்பி, போன வருஷம் தன் அருவாளுக்குப் பக்கத்தில் என் மைக்குக்கும் இடம் கொடுத்தார். அங்கிருந்து பிடுங்கி எடுத்தவன் நான். அவர் மேல் வைத்திருந்த ஒரு வருஷத்துக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சுண்டலை வாங்கித் தின்றேன். மறுநாள் காலை வரை கிடாரைத் தொடவில்லை.