இடிந்த பண்ணையைப் பார்க்கப் போனோம்

போன சனிக்கிழமை டிவியில் ஒரு கார்ட்டூன். சிரிப்புத் தொடர். ஒரு குடும்பம், எப்போதோ விட்டுவிட்டு வந்த தன் பழைய பண்ணைக்குத் திரும்பிப் போகிறது. அப்பா கதவைத் தட்டுகிறார் — கதவு விழுகிறது. சுவரில் சாய்கிறார் — சுவர் விழுகிறது. கடைசியில் கூரை மொத்தமும் அவர் தலையில்!

என் எட்டு வயது மகள் கவிதா உருண்டு உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மலைமேல் பிரிஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த என் அண்ணிகூடச் சிரித்தார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். என் அண்ணன்.

கவிதா அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்கும் திரிங்காப்ல கெபுன் இருந்துச்சாமே? அதுவும் இப்படித்தான் விழுந்துச்சா?"

 காய்கறித் தோட்டத்தை நாங்கள் கெபுன் என்போம். அந்த வார்த்தையை அண்ணன் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக...

அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். அண்ணனும் எஸ்டேட் ஃபாக்டரியில்தான் இருந்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய், வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திரிங்காப்பில் ஒரு மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்தார். கோஸ், தக்காளி. அங்கேயே தகரக் கூரை போட்டு ஒரு வீடு. அண்ணியும் கூடவே மண் வெட்டினார், கூடை சுமந்தார். இரண்டு வருடம் நல்ல விளைச்சல். அண்ணன் அப்போதெல்லாம் எவ்வளவு பேசுவார் தெரியுமா!

மூன்றாம் வருடம் நான்கு நாள் விடாத மழை. நான்காம் நாள் மத்தியானம் மலை சரிந்து, வீட்டின் மேலேயே வந்து விழுந்தது. அண்ணி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார்.

சேதி கேட்டு நாங்கள் எஸ்டேட்டிலிருந்து ஓடிப்போனபோது அவரை வெளியே எடுத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார். இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். அண்ணன் மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பாவுக்குப் போய் லாரி ஓட்ட ஆரம்பித்தார். திரிங்காப் பக்கம் மறுபடி கால் வைக்கவே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் போய் இந்தக் கேள்வி!

நான் கவிதாவை அதட்ட வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "நாளைக்குக் காலையில போலாம். காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, நால்வரும் அவர் காரில் கிளம்பினோம். கியா பார்ம் கடைகளைத் தாண்டும்போது கவிதா ஸ்ட்ராபெரி கேட்டாள். அண்ணன் காதில் அது விழவில்லை.

போய் இறங்கினால்... இடிந்த சுவரும் இல்லை, விழுந்த கூரையும் இல்லை. சரிவு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி! யாரோ பூ பயிர் செய்கிறார்கள்.

"வீடு எங்க மாமா?" கவிதாவுக்கு ஒரே ஏமாற்றம்.

அண்ணன் பூவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். மலையின் குறுக்கே சிமெண்டு வாய்க்கால் ஒன்று கட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீர் அதில் அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கதான் வாய்க்கா வெட்டச் சொன்னா உங்க அத்தை" என்றார். "மூணு வாட்டி சொன்னா. கோஸ் நட்டு முடிச்சிட்டு வெட்டலாம்னு நான்தான் தள்ளிப் போட்டேன். மழையால ஒண்ணும் விழல கவிதா. மாமாவால விழுந்துச்சி."

எனக்கு இது தெரியாது. அண்ணியைத் தவிர யாருக்குமே தெரியாது. கவிதாவைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் சொன்னது அவளிடமா?

அண்ணி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, அவர் பக்கத்தில் நின்றார்.

"சொல்றதுதான் சொல்றீங்க, முழுசா சொல்லுங்க. மம்பட்டி போட்டா என் மேல பட்டுடும்னு வெறுங்கையால தோண்டினது யாரு? நகமெல்லாம் பிஞ்சி, அந்தக் கையோட என்னைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினது யாரு? அதையும் புள்ளகிட்ட சொல்லுங்க."

அண்ணன் அவரையே பார்த்தார். "ஒனக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சி. ஆஸ்பத்திரில உங்க கைக்கட்டப் பிரிக்கிற வரைக்கும். அப்புறம் எதுக்கு லா?"

அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரி நாட்களில் கட்டுப்போட்ட விரல்களோடு இருந்த அண்ணனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் நான். பேசாமல் மென்று விழுங்குவார். தோட்டம் போன துக்கம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாயந்திரம் அடுப்படியில் அண்ணியிடம் கேட்டேன். "கோவம் போயிடுச்சின்னு இத்தனை வருஷமா ஏன் அண்ணி அவர்கிட்ட சொல்லல?"

அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "சொல்லணுமா என்ன? கூடவேதான இருக்கேன்... அவருக்கே தெரியும்னு நெனச்சேன்."

மன்னித்துவிட்ட மகாராணிகளே, மகாராஜாக்களே... சம்பந்தப்பட்டவரிடமும் அதை ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்கள்!