ஒரு ஓட்டையும் இல்லாத பெட்டி

வாகன விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவின் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. அவர் கனடாவில், பிறம்ரனில் ட்ரக் ஓட்டுபவர். அவ்வளவு நீளப் பெட்டியைப் பின்பக்கமாக எடுத்து, முட்டாமல் மோதாமல் நிறுத்துவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கோ ஸ்காபரோ பிளாசாவில் காரை நிறுத்துவதே பெரும்பாடு. சித்தப்பாவிடம் ஒரு வேடிக்கைப் பழக்கம் இருந்தது. ட்ரக் கதவைப் பூட்டுமுன் தலையை உள்ளே நீட்டி, “ஆரும் உள்ளுக்கை இருக்கிறியளோ?” என்று தமிழில் கேட்பார். உள்ளே இருப்பது தக்காளிப் பெட்டிகள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்தக் கோடையில் இரண்டு குடும்பமும் ஒரு பழைய மோட்டர்ஹோமில் கிழக்குக் கடல்வரை போவதாக இருந்தது. ஆட்களுக்கு இடமிருந்தது. இடியப்ப உரலுக்கும் அரிசி மூட்டைக்கும் என் புதுச் சைக்கிளுக்கும் இடமில்லை. பின்னால் இழுக்க ஒரு சின்ன மூடிய ட்ரெய்லர் கிடைக்காவிட்டால் சைக்கிள் வீட்டில்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே வாங்கப் போன சித்தப்பாவோடும் சித்தியோடும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

விற்கிற இடத்தில் சித்தப்பா டயரைத் தட்டினார், அடியில் படுத்து அச்சைப் பார்த்தார், வண்டியோடு மாட்டும் கொழுவியை ஆட்டினார். மோட்டர்ஹோம் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று அவர் கேட்ட கேள்விகளில் விற்பவரே நிமிர்ந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்குப் பிடித்தது சிவப்பு ட்ரெய்லர். சைக்கிள் அப்படியே நிற்கும். சித்தப்பா அதற்குள் ஏறினார்.

“பிள்ளை, கதவைச் சாத்து. ஓட்டை இருந்தா வெளிச்சம் தெரியும். மழைத்தண்ணி வாறதும் அதாலைதான்.”

சாத்தினேன். ட்ரக்காரரின் பெறாமகள் அல்லவா, வெளிக் கொண்டியையும் இழுத்துப் போட்டேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விளையாட்டாக்கும் என்று நானும் தட்டினேன். அவர் இன்னும் வேகமாகத் தட்டினார். நானும் விடவில்லை. சித்திதான் ஓடிவந்து திறந்தார்.

சித்தப்பாவின் சேட் முழுக்க வியர்வை. என்னை ஏசவில்லை.

“நல்ல பெட்டி. ஒரு ஓட்டையும் இல்லை” என்றவர், நேரே அடுத்ததற்குப் போனார்.

அது சாம்பல் நிறம், கட்டை, விலையும் கூட. ஆனால் அதன் பக்கக் கதவு உள்ளேயிருந்தும் திறக்கும். கூரையில் காற்றுக்கு ஒரு சின்னத் திறப்பும் இருந்தது. அதுதான் வேண்டும் என்று நின்றார்.

“இஞ்சருங்கோ, சாமான்தானே ஏத்தப்போறம்? அரிசி மூட்டை என்ன, கதவைத் திறந்துகொண்டு இறங்கி வரப்போகுதோ?” என்றார் சித்தி.

“வேலையில இழுக்கிறது வேற. பிள்ளையள் ஏறி இறங்கிற பெட்டி உள்ளுக்கிருந்து திறக்கவேணும்.”

வாயாடிச் சித்தியே கைப்பையைத் திறந்து காசை எண்ணிக் கொடுத்தார். சாம்பல் பெட்டியே வந்தது. என் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி, சித்தப்பா அதைப் பக்குவமாக உள்ளே கட்டிவைத்தார். கடற்கரை மணலில் அதை ஓட்டிய சந்தோஷத்தில் சிவப்புப் பெட்டியை மறந்தேபோனேன்.

சித்தப்பா ‘ஜேர்மனியால வந்தவர்’ என்று வீட்டில் சொல்வார்கள். அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையால் வருவதுபோல அதுவும் ஒரு பாதை என்று நினைத்திருந்தேன். வெளியே பூட்டிய லொறியொன்றுக்குள் எல்லை கடந்து வந்தார் என்பதும், மூச்சுமுட்டி உள்ளே இருந்தவர்கள் தட்டத் தட்ட எவரும் திறக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவர் தக்காளிகளோடு பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.