சிவப்பில் அடித்த மெயில்

பரீட்சை ஹாலில் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி, நூலில் கட்டிக் கொடுத்துப் பாஸானவன் நான். பக்கம் நிறைந்தால் மார்க். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். பிறகு கொல்லிமலையில் வீட்டிலிருந்தே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்த்தேன். என் மெயில்களில் வேண்டாத வரிகளை மேனேஜர் சிவப்புக் கோடு போட்டு அடித்தடித்துத் திருப்பி அனுப்புவார். "விஷயத்தை மட்டும் எழுதுங்க. இதுக்கு எதுக்கு ஒரு பக்கம்?" என்பார். எரிச்சலாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

போன மிளகுப் பறிப்பில் அப்பா ஏணியோடு சாய்ந்து விழுந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. வண்டியில் படுக்கவைத்து மலை இறங்கினோம். அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் மேனேஜருக்கு இங்கிலீஷில் இரண்டே வரி எழுதினேன். அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். ஒரு வாரம் லீவு வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது பதில் வந்தது. ஒரு முழுப் பக்கம்! ஆழ்ந்த வருத்தமாம். நாமெல்லாம் ஒரே குடும்பமாம். இந்த நேரத்தில் என் உழைப்புக்கு ஈடே இல்லையாம். லீவு உண்டா இல்லையா என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அவர் செய்வதுபோலவே வரி வரியாகச் சிவப்பில் அடித்தேன். ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. அடியில் அவர் சொல்ல வந்த 'நோ'வை மட்டும் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்து அவருக்கே திருப்பி அனுப்பினேன்.

"இதுக்கு எதுக்குங்க சார் ஒரு பக்கம்?"