ஜீப்பை ஓட்டியவர்கள்

கார்த்திகை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டேகால் மணி. கள்ளக்குறிச்சியில் நான் முதுகலைத் தமிழ் படிக்கும் கல்லூரியில், கலைச்சொல் வகுப்பில் இது தொடங்கியது. ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற சொல்லின் வேர், கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறிக்கும் சொல் என்றார் பேராசிரியை. செய்ததன் விளைவை உடனே அறிந்து, அடுத்த அசைவைத் திருத்திக்கொள்ளும் முறையை ஆராயும் இயலாம் அது. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். தலைவனைச் சுக்கான் பிடிப்பவனாகக் காண்பது பழைய உருவகம் என்று முடித்தார்.

மற்றவர்கள் மனத்தில் கப்பல் மிதந்திருக்கும். நான் கப்பலைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். எனக்கு வந்தது டீசலும் ஈரச்சாக்கும் கலந்த வாசனை. அதன் பின்னாலேயே ஒரு ஜீப்.

வெள்ளிமலையில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்த காலம். மலையிறங்க ஷேர் ஜீப்தான். மூடுபனி நாட்களில் ஓட்டுநர் மணிக்கு இடப்பக்கப் பள்ளம் தெரியாது. அந்தப் பக்கம் அமர்ந்தவர்கள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அது எழுதப்படாத பயணச்சீட்டு.

“டேய் மணி, டயரு மண்ணுல கீதுடா!”

“கண்ணு தெரியுது இல்ல? நீயே வந்து ஓட்டு!”

திட்டிக்கொண்டே திருப்புவார். வண்டி பத்திரமாக அடிவாரத்துக் கச்சிராயபாளையம் சேர்ந்துவிடும்.

ஒரு மார்கழிக் காலையில், எங்களோடு இருந்த சித்திக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிரசவம். மணி ஊரில் இல்லை. ஜீப்பின் உரிமையாளரான ஊர்த்தலைவரே, “நான் இருக்கேன், ஏறுங்க” என்று ஸ்டியரிங் முன் அமர்ந்தார். பெரிய மனசு, சிறிய அனுபவம். அம்மாவும் நானும் சித்தியோடு பின்னால் ஏறினோம். இடப்பக்க ஓரத்தில் அப்பாவும், ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்த இரண்டு பேரும்.

முதல் வளைவிலேயே பனி மூடிக்கொண்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவருக்கு வழி சொல்வதாவது! அப்பா தொண்டையை மட்டும் செருமினார். அந்தச் செருமலில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை இன்று வியக்கிறேன். இடப்பக்கச் சக்கரத்தின் கீழ் சரளை சரியும் ஓசை எனக்கே கேட்டது. நானும் பேசவில்லை, அப்போதே அடக்கமான பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த சித்திதான் கத்தினாள்.

“யோவ்! சோத்தாங்கை பக்கம் ஒடிய்யா! புள்ளைய பள்ளத்துலயா பெத்துக்கறது?”

ஜீப் வலப்பக்கம் குலுங்கி நின்றது. அப்பா பதறினார். “ஏய், தலைவர் கிட்ட இன்னா பேச்சு?”

“நீங்க வாய மூடிக்கினு குந்திக்கினு இருந்தா அவருக்கு எப்டித் தெரியும்?”

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமலே, “சொல்லிக்கினே வாம்மா” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் அவரே கேட்டார்: “இப்ப சரியா கீதா?” வலிக்கு நடுவே சித்தி தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள், வலி மிகுந்தபோது அப்பாவும் மற்றவர்களும் சொன்னார்கள். கோமுகி அணை தெரிந்த இடத்தில் பனி விலகியது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், மதியத்துக்குள் தம்பி பிறந்தான்.

சுக்கான் பிடிப்பவன் என்றால் எல்லோரும் கையைத்தான் நினைக்கிறார்கள். எனக்குக் காதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த ஜீப் இன்று இல்லை. தலைவரும் இல்லை. வளைவுகளில் தடுப்புச் சுவரும் குவிகண்ணாடியும் வந்துவிட்டன. பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. நல்லதுதான். ஆனால் ஓரத்தில் அமர்ந்தவர்களின் அந்தக் கூச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்த வகுப்புக்கு மறுநாள் காலை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநரின் தலைக்கு மேல் ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்று எழுதியிருந்தது. மலையில் பனி இருந்தது. எல்லோரும் கைபேசியில் குனிந்திருந்தார்கள். நான் இடப்பக்க ஜன்னலைத் திறந்து, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.