வெட்டி அணியில் என் மகள்

பிள்ளைகளே, நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று வரைதான் படித்தவன். பத்து பாகாட் ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் பின்னல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம், சிங்கப்பூரில் இருக்கும் கூட்டாளி ஒருவர் அங்கே எனக்கும் ஒரு வேலை பார்த்துவைத்தார். வார நாளில் அங்கே தங்கல், வாரக் கடைசியில் வீடு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போவதாகத்தான் இருந்தேன். என் மனைவி "உங்க இஷ்டம்" என்றாள். அவளுக்கு அதில் இஷ்டம் இல்லை என்று அந்தக் குரலே சொன்னது.

அந்த வாரம், ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகள் பள்ளி விட்டு வந்து பையைத் தொப்பென்று போட்டாள்.

"டீச்சர் என்னை வெட்டியில போட்டுட்டாங்கப்பா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் வெட்டி என்றால் என் தம்பிதான். வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பான். நன்றாகப் படிக்கிற பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்ப்பதா? மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கே போய்விட்டேன்.

"டீச்சர், என் மக எதுல வெட்டி?"

டீச்சர் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அலமாக், ஐயா! விவாதத்துல ஒரு அணி தலைப்பை ஒட்டிப் பேசும். இன்னொரு அணி வெட்டிப் பேசும். அந்த வெட்டி."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பு என்னவென்று கேட்டேன். 'சிங்கப்பூர் வேலை குடும்பத்துக்கு நல்லது' என்றார். சிரிப்பு நின்றது.

"வகுப்புல பாதிப் பிள்ளைங்களோட அப்பா அங்கதான் இருக்காங்க. அதான் இந்தத் தலைப்பு. போட்டியில எந்தப் பக்கம்னு சீட்டுக் குலுக்கித்தான் சொல்வாங்க. அதனால ரெண்டு பக்கமும் பழகணும். நம்ம வகுப்புல ஒரு சட்டம் வச்சிருக்கேன். எதிர்ப்பக்கத்தை நாம முதல்ல சொல்லணும். அந்தப் பக்கத்து ஆளே 'ஆமா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன்'னு ஒத்துக்கணும். அப்புறம்தான் வெட்டலாம். உங்க மக வெட்டி நல்லா பேசுது. ஒட்டிப் பேசச் சொன்னா கண்ணைக் கசக்குது. நீங்க போறீங்களாமே?"

"இன்னும் முடிவாகலைங்க டீச்சர்" என்றேன். அதுவரை என் மனத்தில் முடிவாகித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கோப்பி குடிக்கும்போது மகளிடம், "வா, ஒட்டிப் பேசு. நான் ஒத்துக்கிறேனான்னு பாக்கலாம்" என்றேன்.

"மாட்டேன். பேசினா நீங்க போயிடுவீங்க."

"பேசலைன்னா போட்டிக்குப் போக முடியாதுலா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். நல்ல சம்பளம் என்றாள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன். வீட்டுக் கடன் சீக்கிரம் அடையும் என்றாள். உதட்டைப் பிதுக்கினேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இங்க அப்பா எத்தனையோ வருஷமா ஒரே மெஷின்தான் ஓட்டுறாங்க. அங்க போனா புதுசா ஒன்னு கத்துக்கலாம். அப்பாவுக்கு அலுத்துப் போச்சு."

நான் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சம்பளத்தைப் பற்றித்தான் பேசினேன்.

"ஆமா. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்ப இப்ப உங்க முறை. வெட்டிப் பேசுங்க. அவ ஒத்துக்கணும்."

எனக்கு என்ன தெரியும்? உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் இல்லை என்றேன். "சித்தப்பா சும்மாதானே இருக்காரு" என்றாள். அம்மாவுக்குத் துணை இல்லை என்றேன். "அதில்ல." உனக்கு என்னைத் தேடும் என்றேன். "தேடும். ஆனா அதில்லப்பா."

"தோத்துட்டேன். நீயே சொல்லு."

"என் கூட்டாளியோட அப்பா அங்கதான் வேலை செய்யிறாரு. அவரு வந்தா வீட்டுல யாரும் சண்டையே போட மாட்டாங்க. ரெண்டு நாள்தானேன்னு எல்லாரும் நல்லவங்களா இருப்பாங்க. அவளுக்கு அவரு மேல கோவம் வந்தாக்கூடக் காட்ட மாட்டாளாம். என்னால உங்ககிட்ட அப்படியெல்லாம் இருக்க முடியாதுப்பா."

என் மனைவி சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பக்கத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். சிங்கப்பூர் வேண்டியதில்லை, புது வேலைதான் வேண்டும் என்று எனக்கு மெல்லப் புரிந்தது. திங்கட்கிழமை கூட்டாளிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லி நன்றியும் சொன்னேன். கையோடு சூப்பர்வைசரிடம் போய், சாயப் பகுதிக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். "இந்த வயசிலயா?" என்று கிண்டல் செய்தார். ஆனால் மாற்றிவிட்டார். முதல் வாரம் என் சட்டைக்குத்தான் அதிகம் சாயம் ஏறியது. எனக்கு அது பிடித்திருந்தது.

போட்டியன்று சீட்டுக் குலுக்கினார்கள். என் மகளுக்கு ஒட்டி விழுந்தது. மேடையில் ஏறி, சிங்கப்பூர் வேலை ஒரு மனிதனை எப்படிப் புதிதாக்கும் என்று அப்படிப் பேசினாள். எனக்கே மறுபடி ஆசை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவள் அணிக்கு இரண்டாம் இடம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கைதட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"உங்க மகளா? அருமையா பேசுது. நீங்க சிங்கப்பூர்லயா இருக்கீங்க?"

"இல்லைங்க. இங்கதான், வீட்டோட" என்றேன்.