நம்பர் ஏற ஏறச் சன்னம்

எங்கள் காரை டவுன் பஸ் தாண்டிப் போனதைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். பஸ் ஜன்னல்களிலிருந்து நீண்ட கைகளைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அத்தனையும் எங்கள் பனியன் கம்பெனி ஆட்களின் கைகள். "மொதலாளி, நாங்க முன்னால போறமுங்க!" என்று ஒரு குரல் வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பட்டு வேட்டியோடு முன்சீட்டில் அப்பா, பின்சீட்டில் அம்மாவும் நானும். ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, கம்பெனியில் துணி ஓட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் மூன்றாம் கையாக வாங்கியது. காகிதத்தில்தான் அது அப்பாவுடையது. துடைப்பது, பொட்டு வைப்பது, ஆளில்லாத நேரத்தில் அதனிடம் பேசுவது எல்லாம் மாமா.

கல்யாண வீட்டில் அப்பா பாயசத்தைக்கூடத் தொடவில்லை. வீடு திரும்பியதும் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள, அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வண்டில உக்காருவேன். திருமுருகன்பூண்டி போறதுக்குள்ள அந்த பஸ்ஸத் தாண்டிக் காட்டோணும். இல்லீன்னா இந்த ஆகாவழி வண்டிய வந்த வெலைக்குத் தள்ளியுட்டர்லாம்."

மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஐயோ பாவம், பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி நின்றார்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பட்டியல் எழுத நான். மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எழுதிக்கோ பாப்பா. மொதல்ல பிரேக்கு, டயரு" என்றார்.

"வேகமாப் போறதுக்கு வழி கேட்டா நிக்கறதுக்குச் சொல்றீங்களே? அது தானாவே அடிக்கடி நிக்குதுங்க" என்றார் மாமா.

"ஓடுத வண்டிய நிறுத்தத் தெரியணும்லா அண்ணாச்சி?"

மாமாவின் ஆசையெல்லாம் சைலன்சர் மேல்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் அதை மாற்றியதில் அவருடைய கார் தெருமுனையில் வரும்போதே எங்கள் வீட்டு டம்ளர்கள் அதிரும். மெக்கானிக் அசையவே இல்லை. "சத்தம் வேற, வேகம் வேற. கழுதையுந்தான் கத்துது" என்று சொல்லி, பட்டியலிலிருந்து சைலன்சரை அடிக்கச் சொல்லிவிட்டார். பிறகு ஏர் பில்டரைக் கழற்றினார். அடேயப்பா! கம்பெனி வாசலிலேயே கிடந்த கார் ஆயிற்றே, உள்ளே பனியன் பஞ்சு ஒரு தலையணைக்கு ஆகிற அளவு அடைந்திருந்தது. "மூக்க அடச்சிக்கிட்டு ஓடுன்னா எப்படி ஓடும்?" என்றார். டிக்கியில் மாமா சேர்த்து வைத்திருந்த உடைந்த நாற்காலி, இரும்புச் சாமான், கழிவுத் துணி மூட்டை எல்லாம் இறங்கின. பிளக் மாறியது. முனகிக்கொண்டே பிரேக்குக்கும் சம்மதித்தார் மாமா.

கடைசியாக ஒன்று பாக்கி. "இஞ்சின்ல கெட்டி ஆயிலு கெடக்கு. அத எறக்கிட்டு எளசான ஆயிலா ஊத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் ஊரில் மாதா கோயில் திருவிழாவுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். நான் கத்திய கத்தலில் மாமாவே பயந்துவிட்டார். அப்படிப் பறந்தது! அத்தோடு விட்டிருக்கலாம். பட்டியலில் அடிக்காமல் கிடந்த அந்த ஒரு வரி மாமாவை விடவில்லை.

ஆயில் கடைக்காரர் என்ன நம்பர் வேண்டும் என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தோம். அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங் மச்சான், ஆயில்ல நம்பர் இருக்குதாமா. எளசா வேணும்னா எந்த நம்பருங்க?"

அப்பா சிரித்தார். "இருவத்தஞ்சு வருசமா நூல் வாங்கறவன்கிட்டக் கேக்கற கேள்வியா இது? இருவதாம் நம்பர் நூலு தடி, நாப்பதாம் நம்பர் சன்னம். நம்பர் ஏற ஏறச் சன்னந்தானொ!"

திருப்பூரில் அதை மறுக்கிறவன் இருக்க முடியுமா? கடையில் இருப்பதிலேயே பெரிய நம்பர் நூற்று நாற்பது. மாமா அதை வாங்கினார். லாரிக்கு என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். புனலில் ஊற்றினால் அது இறங்குவேனா என்றது.

"மாமா, இது வெளக்கெண்ணெயாட்டம் இருக்குது" என்றேன்.

"புதுசுல்ல கண்ணு, சூடானா எளகீரும். மச்சான் சொல்லித் தப்பா இருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும்கூட ஏறிக்கொண்டோம். கார் கிளம்பவே நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பஸ் எங்களைத் தாண்டியது. வாழைத்தாரோடு மொபெட்டில் வந்த ஒருவர் தாண்டினார். திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறை ஒன்றின் முன்னால் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றேவிட்டது. உளிச் சத்தம் நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாப்பில் இறங்கிய எங்கள் கம்பெனி ஆட்கள் ஆறேழு பேர் ஓடி வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த மெக்கானிக்கை ஒருவர் போய் மொபெட்டில் கூட்டி வந்தார். அவர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். அதில் ஆயில் பாகு மாதிரி தொங்கியது.

"இது லாரி கியர் பெட்டில ஊத்துததுல்லா! ஆயிலுக்கு நம்பர் ஏற ஏறக் கெட்டில்லா! யாரு அண்ணாச்சி இந்த நம்பரச் சொன்னது?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அப்பா எதிரே இருந்த அரைகுறை நந்தியை வெகு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

"நாந்தானுங்க" என்றார் மாமா. "நூல் நெனப்புல பெரிய நம்பரா வாங்கீட்டேன். என்ற புத்தி அவ்வளவுதான்."

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்ல, அப்பாதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் வலிக்கிறது. "அம்முணி, வாய மூடு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்பா நந்தியை விட்டுத் திரும்பினார். "செரி உடுங்கப்பா, ஆனைக்கும் அடி சறுக்கும். தள்ளுங்க" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார்.

மாமாவோடு மூன்று நாள் பேச்சை நிறுத்திவிட்டேன். செய்யாத தப்பைச் செய்தேன் என்று ஒத்துக்கொண்டு, கையிலிருந்த காரையும் விட்டுக்கொடுத்துவிட்டாரே, இப்படியும் ஓர் ஆள் உண்டா? வாங்க ஆள் எப்போது வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் அப்பாதான். புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆயில் டின்னை மாமாவின் கட்டில் மேல் வைத்து, "நம்பரக் கேட்டே வாங்கியாந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மாமா டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே காரிடம் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை டவுன் பஸ்ஸைத் தாண்டினோம். காரை விற்கும் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை. மனுஷர் சுத்தமாக மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எங்கே ஞாபகம் வந்துவிடப் போகிறதோ என்று, ஒரு வருஷம்போல அவர் காதில் விழும்படி கார் என்ற சொல்லையே நான் சொல்லவில்லை.