முதல் பிரசவம் யார் பாடு?

சிவப்பு சோப்பு தண்ணீரில் கரைகிற வாசனை வந்தால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது... தலைப்பிரசவத்துக்கு முன்னால் நான் பயந்தது வலிக்கு இல்லை. இனிமாவுக்கு.

பழவேற்காட்டில் மாமியார் வீட்டுக் குழாயடியில் நான்கு பெண்கள் கூடினால் போதும், டவுன் ஆஸ்பத்திரிக் கதைதான். போனதும் சோப்புத் தண்ணீரை ஏற்றிவிட்டு ஓடு என்பார்களாம். கக்கூஸ் வார்டின் அந்தக் கடைசியில் இருக்குமாம். எனக்கு அதைக் கேட்ட நாளிலிருந்து தூக்கம் போயிற்று.

நான் பிறந்த வீடு ஏரிக்கு அக்கரையில், ஒரு குப்பத்தில். பஸ் கிடையாது, படகுதான். அங்கே போனால் வீட்டுப் பிரசவம், மருத்துவச்சி ராஜம்மா கையால். இக்கரையில் மாமியார், அதாவது அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டால் பொன்னேரி பஸ், ஆஸ்பத்திரி.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அத்தைக்கு அதில் மனசில்லை. ராத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் ஏரித் தண்ணியையா ஏத்துவீங்க என்று கேட்டார். அம்மா சும்மா இருப்பாளா... அத்தை வீடு டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்துத் தெரு. அந்தக் கல்லறையின் வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். மசக்கைக்காரி தினம் அந்த மூஞ்சியிலா முழிப்பது என்று அம்மா ஒரு பிடி பிடித்தாள்.

(கல்யாணத்தின்போது நான் அந்த எலும்புக்கூட்டைவிட ஒரு சுற்று இளைப்பு. அது வேறு விஷயம்.)

நானோ காலையில் வீடு, சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று மாறிக்கொண்டே இருந்தேன். இனிமாவை நினைத்தால் வீடு. ஏரியின் அகலத்தை நினைத்தால் ஆஸ்பத்திரி.

வளைகாப்பு அன்று இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள். சபை நடுவில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்...

எங்கள் பக்கம் ‘பாடு’ என்று ஒன்று உண்டு. முகத்துவாரத்தில் இன்றைக்கு யார் வலை வைப்பது, நாளைக்கு யார் என்று முறை வைத்திருப்பார்கள். அடுத்தவர் பாட்டில் ஒருவரும் வலை வைக்க மாட்டார்கள். வைத்தால் பஞ்சாயத்துதான். வாக்கு மாறினாலும் மாறுவார்கள், பாடு மாற மாட்டார்கள்.

"எதுக்கு சண்ட? மொத புள்ள அம்மா பாடு. ரெண்டாவது அத்த பாடு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சாயத்தில் தீர்ப்பு கேட்டவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் படகேறினாள்.

அதன் பிறகு அக்கரையிலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தது. பழைய படகுப் பாய்த் துணியைக் கிழித்து அறையை மறைத்தாயிற்று. வெந்நீருக்குத் தனி அடுப்பு போட்டாயிற்று. நூல் புடவைகளை வெளுத்து, மடித்து வைத்தாயிற்று. மீன் கூடையைத் தொட்ட கையால் அந்தத் துணியைத் தொடக்கூடாது என்று நைனாவுக்கே உத்தரவாம்.

ஒன்பதாம் மாதம் அம்மாவும் நைனாவும் என்னைக் கூட்டிப்போகப் படகோடு வந்தார்கள். துறைவரைக்கும் போனேன். பெட்டியைப் படகில் வைத்தாயிற்று. நைனா கழியை ஊன்றிப் படகை அசையாமல் பிடித்திருந்தார்.

நான் ஏரியைப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து பார்க்கிற ஏரிதான்... அன்றைக்கு அக்கரை கண்ணுக்கே தெரியவில்லை. நடுராத்திரியில் ஏதாவது ஆனால் இவ்வளவு தண்ணீரையும் தாண்டி வர வேண்டும். இனிமா, எலும்புக்கூடு எல்லாம் மறந்துபோனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"நான் வரலம்மா."

அம்மா படகிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"பாடும் குடுத்துட்டு, வலையும் வைக்காதன்னா எப்டிடி?"

அம்மா என் பெட்டியை எடுத்துக் கரையில் வைத்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு துணி மூட்டை.

"இத்த எடுத்துக்கினு போ. ஆஸ்பத்திரி துணி மொடமொடன்னு இருக்கும். புள்ளைக்கு குத்தும்."

படகு போய்விட்டது. திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. இனிமாவும் கொடுத்தார்கள், குழாயடிப் பெண்கள் சொன்னதில் பாதிகூட இல்லை. குழந்தையை முதலில் கையில் வாங்கியவர் அத்தை. சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தவரும் அவர்தான். அம்மாவுக்குச் சேதி போய், அவள் படகு பிடித்து, பஸ் பிடித்து வருவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. குழந்தையை வாங்கி உச்சியை மோந்து பார்த்தாள். மூக்கு என்னை மாதிரி இருக்கிறது, பாவம் என்றாள். பாடு பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவள் பேசாததுதான் இத்தனை வருஷமும் உள்ளே முள்ளாக நின்றது.

இப்போது என் மகளுக்கு ஏழாவது மாதம், சென்னையில். அவள் பார்த்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் வீடு மாதிரியே ஒரு ரூம் இருக்கிறதாம். மஞ்சள் விளக்கு, பூப்போட்ட திரை... புருஷனும் கூடவே இருக்கலாம், அம்மாவும் இருக்கலாம். வீட்டை ஆஸ்பத்திரிக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஏரியே கிடந்தது.

மகள் போட்டோ அனுப்பியதும் மனசு தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு நான் உன்கூட வந்திருக்கணும்மா என்றேன்.

"அட போடி. நீ வந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? உனக்கு வலி எடுத்த அன்னிக்கு மருத்துவச்சி ராஜம்மா ஊர்லயே இல்ல. சூலூர்பேட்ட போயிருந்தா. அவ பொண்ணுக்குப் பிரசவம்."

"அங்க போயி பிரசவத்த அவளே பாத்தாளா?"

"இல்ல. ஆஸ்பத்திரில சேத்தா."